குப்பை வண்டி வராத ஊர்

கேள்வி: ஜப்பானில் கமிகட்சு என்ற மலை ஊரில் குப்பையை நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்களாம். ஊரில் பாதிக்கு மேல் முதியவர்கள் என்கிறார்கள். அவர்களால் எப்படி முடிகிறது? நீங்கள் போயிருக்கிறீர்களா?

பதில்: போயிருக்கிறேன், ஒரு ராத்திரி தங்கல்தான். ஷிகோகு தீவில், தொகுஷிமா நகரத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம். மொத்தமே 1,500 பேர் தேறமாட்டார்கள்.

விடுதியில் சாவி தருவதற்கு முன் சோப்புக் கட்டியையும் கத்தியையும் எடுத்து வைத்து, "எவ்வளவு வேண்டும்?" என்றார்கள். ஓர் இரவுக்கு எவ்வளவு சோப்பு கரையும் என்று நான் என்றைக்கு யோசித்தேன்? விரலகலம் வெட்டி வாங்கினேன். காலையில் அதிலும் பாதி மிச்சம்.

அறைக் குப்பையை நானேதான் பக்கத்திலிருக்கும் குப்பை பிரிக்கும் நிலையத்துக்குத் தூக்கிப் போனேன். ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். மூடிக்கு ஒரு பெட்டி, பாட்டிலுக்கு வேறு பெட்டி. ஒவ்வொன்றின் மேலும் அந்தப் பொருள் எங்கே போகிறது, கிலோவுக்கு எத்தனை யென் வரவு அல்லது செலவு என்று எழுதியிருக்கிறது. 'பூமியைக் காப்போம்' பலகையைவிட இந்தக் கணக்கு எனக்கு நன்றாக உறைத்தது.

ஆசைப்பட்டு ஆரம்பித்த வேலையுமல்ல இது. முன்பு திறந்தவெளியில் எரித்தார்கள். அப்புறம் வாங்கிய சிறிய எரிஉலைகளும் டையாக்சினுக்கு (குப்பை எரியும்போது வரும் நச்சு) கட்டுப்பாடு வந்ததும் மூடப்பட்டன. பெரிய உலை கட்டப் பணமில்லை. சரி, பிரித்துத்தான் பார்ப்போமே என்று இறங்கி, 2003-இல் 'குப்பையில்லா ஊர்' என அறிவித்தும் விட்டார்கள். இப்போது சுமார் 80 சதவீதம் மறுசுழற்சிக்குப் போகிறது. சமையல் கழிவு அவரவர் வீட்டிலேயே உரமாகிறது. மற்றதை அவரவரே நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும்; வண்டி ஓட்ட முடியாதவர்களின் குப்பையை மட்டும் ஊராட்சி வந்து எடுத்துக்கொள்கிறது.

முதியவர்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். 1981 கடுங்குளிரில் ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போக, 1986-இலிருந்து மேப்பிள் மரம், நந்தினா செடி இவற்றின் இலைகளைப் பறித்து, உணவகங்களில் தட்டு அலங்காரத்துக்கு விற்கும் ஊர் இது. பாட்டிமார் கணினியில் அன்றைய விலை பார்த்துவிட்டுத்தான் தோட்டத்தில் இறங்குகிறார்கள். பாட்டில் மூடியைக் கழற்றுவதா அவர்களுக்குக் கஷ்டம்?

கேள்வி: அங்கிருந்து என்ன வாங்கி வந்தீர்கள்?

பதில்: காசு கொடுத்து வாங்கியது அவா பன்ச்சா தேயிலை. கோடையில் பறித்து, வேகவைத்து, பீப்பாயில் புளிக்கவிட்டு, வெயிலில் காயவைப்பார்கள். லேசான புளிப்பு, பால் சேர்த்தால் ருசி கெட்டது. காசில்லாமல் எடுத்தது, வேண்டாத சாமான்களை வைத்துப் போகும் குருகுரு கடையிலிருந்து ஒரு நீலக் கோப்பை. எடை போட்டு நோட்டில் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். அதில்தான் இந்தத் தேநீரைக் குடிக்கிறேன்.