வாழையடி எறும்பு

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 66 வயது. கோண்டாவிலில் மகள், மருமகன், ஒன்பது வயதுப் பேரனோடு இருக்கிறேன். மூன்று மாதத்துக்கு முதல் பேரனுக்குச் சலரோகம் (நீரிழிவு) என்று சொல்லிவிட்டார்கள். எங்களைப் போன்ற வயசாளிகளுக்கு வரும் வருத்தம் ஒரு பச்சைப் பிள்ளைக்கு வருமா? நாளுக்கு நாலு ஊசி. ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் விரலில் குத்திப் பார்க்கிறார்கள். இப்போது அவனே, நேற்று எந்த விரலில் குத்தவில்லை என்று பார்த்து நீட்டுகிறான். எனக்குத் தாங்காது, எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவேன்.

மகள் என்னை எதிரி போல நடத்துகிறாள். புட்டைத் தராசில் நிறுக்கிறாள். என் கையால் அவன் ஒன்றும் வாங்கிச் சாப்பிடக் கூடாதாம். போன கிழமை கோயிலில் தந்த மோதகத்தில் பாதியைக் கொடுத்தேன். "அம்மா, அவனைக் கொல்லப் போறியளோ?" என்று கேட்டாள். தாயிடம் கேட்கிற கேள்வியா இது? அவள் வேலைக்குப் போக, ஆறு மாதத்திலிருந்து அவனை வளர்த்தது நான்.

தெரிந்த பரியாரியார் ஒருவர் கசாயம் தந்தார். 48 நாள் குடித்தால் ஊசியை விடலாம் என்றார். மருமகன் போத்தலைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் ஊற்றிவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தாலும் ஆறியிருக்கும். ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பியும் போனில் அவர்கள் பக்கம்தான் கதைக்கிறான். சம்பந்தி வந்து, "எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் இந்த வருத்தமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனா. என் கணவர் சலரோகத்தால் கால் எடுத்து, பிறகு செத்தவர். அதைத்தான் குத்திக் காட்டுகிறா.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது பிள்ளைக்கு நினைவு தடுமாறி, மூச்சு வாங்கியது. அதற்கு முதல் ஒரு பத்து நாளாக இரவில் எழும்பி எழும்பித் தண்ணீர் குடித்தான். அவன் சலம் விட்ட வாழையடியில் காலையில் எறும்பு மொய்த்துக் கிடந்ததைக் கண்டேன், 95 இடப்பெயர்வில் கொடிகாமத்தில் இருந்தபோது என் கணவருக்கும் முதலில் அப்படித்தான், ஆனால் சின்னப் பிள்ளைதானே என்று விட்டுவிட்டேன். அது கிடக்கட்டும். மகள் என்னைத் தள்ளி வைப்பதுதான் என் கவலை. கசாயம் கொடுத்துப் பார்ப்பதில் என்ன பிழை? என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன் அவன். மகளுக்கு நீங்கள்தான் நாலு வார்த்தை எழுத வேண்டும்.

பெயர் வேண்டாம்,
கோண்டாவில்

அன்புள்ள அம்மா,

மன்னியுங்கள், இந்த நாலு வார்த்தையும் உங்களுக்குத்தான்.

புட்டு, மோதகம், போத்தல், சம்பந்தியின் சொல் எல்லாவற்றையும் விரிவாக எழுதினீர்கள். எறும்பை மட்டும் ஒரே மூச்சில் சொல்லி, "அது கிடக்கட்டும்" என்று மூடிவிட்டீர்கள். அது கிடக்காது அம்மா. இந்த மூன்று மாதமும் நீங்கள் சண்டை பிடித்துக்கொண்டிருப்பது அந்த எறும்போடுதான் என்று எனக்குப் படுகிறது.

சலத்தில் சீனி போனால் எறும்பு மொய்க்கும். அதைக் கண்டதும் உங்களுக்கு விளங்கியிருக்கும். வாய்விட்டுச் சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயந்திருப்பீர்கள். பேரப்பிள்ளை என்றால் யாருக்கும் வரும் பயம். உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை என்று நான் எழுதினால் நீங்கள் நம்பப் போவதில்லை, ஆகவே எழுதவில்லை. அப்போதே இரத்தம் பார்த்திருந்தால் அந்த நிலைக்குப் போகாமல் பிடித்திருக்கலாம். இன்சுலின் இல்லாவிட்டால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும், இரத்தத்தில் அமிலம் ஏறும், அப்படித்தான் மூச்சு வாங்கும். அந்தப் பத்து நாளுக்காக நீங்கள் வருந்தலாம்.

ஆனால் சலரோகத்தையே நீங்கள் கொண்டுவந்த மாதிரிச் சுமக்காதீர்கள். பேரனுக்கு வந்தது முதலாம் வகைச் சலரோகம். கிருமியோடு சண்டை பிடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களையே அழித்துவிட்டது. வாழையடிக்கு எறும்பு வருவதற்குப் பல மாதம் முதலே அது தொடங்கியிருக்கும். இனிப்புச் சாப்பிட்டு வருவதில்லை. உங்கள் கணவருக்கு இருந்தது வயசாளிகளுக்கு வழக்கமாக வரும் இரண்டாம் வகையாக இருக்க வேண்டும். அது வேறு வருத்தம், பெயர்தான் ஒன்று. முதலாம் வகை வந்த பிள்ளைகளில் பெரும்பாலானோரின் குடும்பத்தில் வேறு ஒருவருக்கும் அது இருந்ததில்லை. சம்பந்திக்கு இதை விளங்கப்படுத்தி மெனக்கெடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

சரி, கசாயம். இதில் நான் முழுக்க மருமகன் பக்கம். இன்சுலின் ஊசியை நிறுத்தினால் சில நாளிலேயே பிள்ளை திரும்பவும் அதே கட்டிலில் கிடப்பான், வீட்டுக்கு வராமலும் போகலாம். உங்கள் தம்பி இருக்கும் அதே ரொறன்ரோவில்தான் 1922 ஜனவரியில் 14 வயதுப் பெடியன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். அதற்கு முதல் இப்படியான பிள்ளைகளுக்குப் பட்டினிதான் வைத்தியம். எலும்பும் தோலுமாக வைத்துக் கொஞ்சக் காலம் இழுத்துப் பிடித்தார்கள். உங்கள் பேரன் புட்டுச் சாப்பிடுகிறான். மகள் அதை நிறுப்பது எத்தனை அலகு ஊசி என்று கணக்குப் பார்க்க. போத்தலை ஒரு வார்த்தையும் பேசாமல் ஊற்றியது மட்டும் மருமகனின் பிழை.

அந்தக் கசாயம் பேரனுக்கென்று நினைக்கிறீர்கள். வருத்தம் மாறிவிட்டால் அந்தப் பத்து நாளும் நடக்காதது போலாகிவிடும் என்ற ஆசை அதில் இல்லையா? பாதி மோதகத்திலும் அதுதான் இருந்திருக்கும், ஒன்றும் ஆகவில்லை, பிள்ளை பழையபடிதான் என்று.

"கொல்லப் போறியளோ" கடும் சொல்தான். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பத்து நாளும் மகளும் அதே வீட்டில்தான் இருந்தாள். இரவில் செம்பு எடுக்கும் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். காற்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவியதைக் கண்டிருப்பாள், வெயிலுக்கு மெலிந்துவிட்டான் என்று நினைத்திருப்பாள். இப்போது எதை நினைத்துக்கொண்டு தராசைப் பார்க்கிறாளோ.

எறும்பை அவளிடம் சொல்லுங்கள். பேரனோ மருமகனோ இல்லாத நேரம், அவள் தேங்காய் திருவும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லுங்கள். நியாயமோ விளக்கமோ சேர்க்க வேண்டாம். கோபப்படுவாள், ஒரு கிழமை கதைக்காமலும் இருக்கலாம். இப்போதும் அவள் பெரிதாகக் கதைப்பதில்லைத்தானே.

இன்னொன்று. அவன் விரலை நீட்டும்போது நீங்கள் எழும்பிப் போவதை அவன் பார்க்கிறான். தன்னைப் பார்க்க அம்மம்மாவுக்கு ஏலாது என்றுதான் அந்தப் பிள்ளை நினைக்கும். இருங்கள். கண் கலங்கினாலும் பரவாயில்லை, இருங்கள். அடுத்த கிளினிக் நாளைக்கு நீங்களும் போய், ஊசி போடுவதைத் தாதியிடம் பழகுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பின்னேரம் வரை அவனோடு இருப்பது நீங்கள்தான். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, முகம் வெளிறினால் சீனி இறங்குகிறது என்று அர்த்தம். குத்திப் பார்த்து 70க்கு (mg/dL) கீழே என்றால் கிளினிக்கில் சொல்லும் அளவு சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பவும் பார்க்க வேண்டும். நினைவில்லை என்றால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்த நேரத்தில் சீனிதான் அவனுக்கு மருந்து, அதைக் கரைத்துக் கொடுக்க வீட்டில் இருப்பது உங்கள் கைதான்.

மோதகத்தையும் ஒளித்துக் கொடுக்காதீர்கள். அவளிடம் கேட்டுவிட்டு முழுதாகவே கொடுங்கள். அதற்கும் ஊசிக் கணக்கு இருக்கிறது.