குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் உட்கார மறுத்தால் என்ன செய்வது?

மதுரையில் ஞாயிறு ஆராதனைக்கு ஒழுங்காக வரும் பிள்ளைகள், வீட்டு ஜெபம் என்றால் மட்டும் முகம் சுளிப்பதாகச் சொல்லி, என்ன செய்வதென்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நேரத்தைக் குறையுங்கள். ஒரு பாட்டு, வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம், சின்ன ஜெபம். பத்து நிமிஷம் போதும். வாசிப்பதைப் பிள்ளையிடமே கொடுங்கள்.

ஆனால் வேதாகமத்தில் உபாகமம் 6:7 வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் வசனத்தைப் பேசச் சொல்கிறது. ஆக, மற்ற நேரம்தான் முக்கியம். நம் பக்கத்துக் கிராமச் சபைகளில் பிடி அரிசி வழக்கம் உண்டே, அது அருமையான பாடம். உலையில் போட அரிசி அளந்ததும், களைவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். சேர்ந்ததை ஞாயிறன்று காணிக்கையாகக் கொண்டுபோவார்கள். அந்தக் கைப்பிடியைப் பிள்ளை கையால் போடவிடுங்கள்.

அப்புறம், வீட்டுச் சண்டை. காணிக்கைக்கு முன் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:23-24. நீங்கள் மாமியாரோடு பேசாமலே திருவிருந்துக்கு, அதாவது சபையில் அப்பமும் ரசமும் வாங்க, போவதைப் பிள்ளை கவனிக்கிறது. சனிக்கிழமை ராத்திரியே பேசிவிடுங்கள், பிள்ளை முன்னாலேயே.

பிளஸ் டூ படிக்கிற பிள்ளையா? சரி, பரீட்சை சமயத்தில் வீட்டு ஜெபத்தை இன்னும் சுருக்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு ஆராதனையை மட்டும் விடாதீர்கள்.