'சேட்டை' என்று எழுதாமல் இருக்க ஒரு நிமிடப் பயிற்சி

கேள்வி: எங்கள் சிறப்புப் பள்ளியில் ஆசிரியைகள் பிள்ளைகளின் நடத்தைப் பதிவேட்டில் 'சேட்டை செய்தான்', 'அடம் பிடித்தாள்' என்றே எழுதுகிறார்கள். கண்ணால் கண்டதை எழுதுங்கள் என்று வகுப்பெடுத்தாலும் ஒரே வாரத்தில் பழைய குருடி கதவைத் திறடி. என்ன பண்ணலாமுங்க?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வகுப்பில் புரியத்தான் செய்யும். பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே பேனாவை எடுத்தால் முதலில் வருவது பழகிய சொல்தான். ஆகவே யோசிக்காமல் பிரித்தறியும் வேகம் வேண்டும். உளவியலாளர் ஆக்டன் லிண்ட்ஸ்லி 1960களில் அமெரிக்காவின் கான்சாஸில் வளர்த்த துல்லியக் கற்பித்தல் (நிமிடத்துக்கு எத்தனை சரி, எத்தனை தப்பு என்று தினமும் எண்ணிப் பார்த்துக் கற்பிப்பது) முறையில் இதற்குச் சீட்டுப் பயிற்சி உண்டு.

சீட்டுகள் 60. முன்பக்கம் ஒரு குட்டி வாக்கியம், பின்பக்கம் 'கண்டது' அல்லது 'ஊகம்'. 'தட்டைத் தரையில் வீசினான்' கண்டது. 'கோபமாக இருந்தான்' ஊகம். பனியன் பெட்டி அட்டையில் வெட்டாதீர்கள், தடிமனாக இருந்தால் கலைக்க வராது. சார்ட் பேப்பர் போதும்.

தினமும் கலைத்துப் போட்டு, ஒரு நிமிடம், வாய்விட்டுச் சொல்லித் திருப்பிப் பார்க்க வேண்டும். சரி ஒரு குவியல், தப்பு ஒரு குவியல். இரண்டையும் தனித்தனியே எண்ணிக் குறிக்க வேண்டும். இருப்பதே இரண்டு விடைகள்; குருட்டாம்போக்கில் சொன்னாலே பாதி சரியாகிவிடும். 20 சரி, 20 தப்பு என்றால் வாய்தான் வேகம், கண் இல்லை. கைதேர்ந்த ஒருவரைச் செய்யவைத்து அவர் எண்ணிக்கையை இலக்காக வையுங்கள். நிமிடத்துக்கு 40 சரி, தப்பு 2க்குள் என்பது நல்ல அளவு.

கெடுவது பெரும்பாலும் சீட்டில்தான். 'கண்டது' எல்லாம் நீளமாகவும் 'ஊகம்' எல்லாம் குட்டையாகவும் இருந்தால் படிக்காமலே சொல்லிவிடுவார்கள். மனப்பாடமும் ஆகிவிடும், வாரம் 10 சீட்டை மாற்றுங்கள்.

'எழுந்திருக்கவில்லை', 'கத்தவில்லை' போன்றவற்றில்தான் எல்லோரும் தடுக்குவார்கள். பிணத்தாலும் முடிகிற காரியம் நடத்தை ஆகாது என்பது லிண்ட்ஸ்லியின் சோதனை. கத்தாமல் என்னதான் செய்தான்? 'மேசையில் தலை வைத்துப் படுத்தான்' என்று எழுதலாமே.

இலக்கைத் தொட்டபின், பெற்றோர் அனுமதியோடு எடுத்த ஒரு நிமிட வீடியோவை இரு ஆசிரியைகள் தனித்தனியே பார்த்து எழுதி ஒப்பிடட்டும். சீட்டோடு நிறுத்தினால் பதிவேடு மாறாது.

கேள்வி: இதையே செல்போன் செயலியில் செய்யலாமா?
- வாசகர், பல்லடம்

பதில்: அடுத்த சீட்டு திரையில் வரக் காத்திருக்க வைக்காத செயலி என்றால் செய்யலாம். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது போனின் வேகத்தை.