ஹெடருக்குப் பணம் கட்டும் முன் டர்பைன் வாயில் ஒரு கேஜ்

தக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "டர்போ ஏற்றிய ஹோண்டா சிட்டி 1.5 விடெக் வைத்திருக்கிறேன். டிராக் (drag, நேர்கோட்டுக் குறுந்தூர) பந்தயத்துக்கு மட்டும்தான். பட்டறையில் அடித்த மைல்டு ஸ்டீல் லாக் மேனிஃபோல்டு, 2.5 இன்ச் டவுன்பைப், பூஸ்ட் 0.8 பார். 6,000 ஆர்பிஎம் தாண்டினால் இழுவை செத்துவிடுகிறது. சம நீளக் குழாய் வைத்த ஸ்டெயின்லெஸ் ஹெடர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். மேனிஃபோல்டும் ஹெடரும் சிலிண்டர்களின் புகையைத் திரட்டி டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்கள்; லாக் என்பது எல்லாம் ஒரே தடித்த குழாயில் சேரும் எளிய வகை. டர்பைன் அந்தப் புகையால் சுழலும் டர்போவின் சக்கரம், டவுன்பைப் அதற்குப் பின்னால் புகை வெளியேறும் குழாய், பூஸ்ட் டர்போ ஊட்டும் கூடுதல் காற்றழுத்தம். டர்போ இல்லாத எஞ்சினில் ஹெடர் குழாயின் நீளமும் விட்டமும் பவரை நேரடியாக மாற்றும். டர்போ எஞ்சினில் புகை போகும் வழியிலேயே மிகக் குறுகலான இடம் டர்பைன்தான். அதற்கு முன்னால் இருக்கும் குழாயை எவ்வளவு அழகாக வளைத்தாலும், நெருக்கம் டர்பைனில் இருந்தால் பெரிதாக எதுவும் மாறாது. உங்கள் வண்டியில் நெருக்கம் எங்கே இருக்கிறது என்பதை அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதற்கு ஆகும் செலவு ஹெடர் செலவில் ஒரு சிறு பங்குதான்.

முதலில் ஆர்பிஎம், பூஸ்ட், லாம்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு) மூன்றையும் ஒரே ஓட்டத்தில் பதிவு செய்யுங்கள். 6,000க்கு மேல் பூஸ்ட் 0.8லேயே நின்று, லாம்டா மட்டும் லீன் (பெட்ரோல் குறைந்த) பக்கம் ஏறினால் குறை பெட்ரோலில்: இன்ஜெக்டர் டியூட்டி (திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) 85 சதவீதம் தாண்டுகிறதா, பம்ப் அழுத்தம் இறங்குகிறதா பாருங்கள். பூஸ்டும் லாம்டாவும் சரியாக இருந்து எஞ்சின் திக்கினால் ஸ்பார்க் அணைகிறது. பிளக் இடைவெளியை 0.6 – 0.7 மி.மீட்டராகக் குறைத்துப் பாருங்கள். பூஸ்டே 0.8லிருந்து 0.6க்கு வழுகினால்தான் புகை வழியைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும், பின்னழுத்தம் வேஸ்ட்கேட் (மிகுதிப் புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பி பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) மூடியைத் தள்ளித் திறக்கிறதா, அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்பது முதல் கேள்வி. சிறிய டர்போவாக இருந்தால் காற்றை அழுத்தும் கம்ப்ரசரே தன் எல்லையைத் தொட்டிருக்கலாம்.

அடுத்தது அழுத்தச் சோதனை. மேனிஃபோல்டைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் துளை போட வேண்டும். வண்டியில் இருக்கும்போதே துளைத்தால் இரும்புத் துருவல் டர்பைன் இறக்கையில் போய் அடிக்கும். டர்போ ஃப்ளேஞ்சுக்குச் சற்று முன்னால், குழாய்கள் கூடும் இடத்தில் ஒன்று. ஃப்ளேஞ்சிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் சிலிண்டரின் குழாயில், ஹெட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டிலும் 1/8 இன்ச் என்.பி.டி. (குழாய்க்கான சரிவு) மரை வெட்டுங்கள். அங்கிருந்து ஒரு மீட்டர் ஸ்டீல் பிரேக் பைப்பைச் சுருளாகச் சுற்றி வெளியே எடுங்கள். சுருளில் சூடு இறங்கிய பிறகு சிலிக்கான் ஹோஸ் மாட்டி, 0 – 4 பார் கேஜைக் காருக்குள்ளே வையுங்கள். பைப் இல்லாமல் ஹோஸை நேரே மாட்டினால் கருகிவிடும். டர்போவுக்குப் பிறகு டவுன்பைப்பிலும் ஒரு துளை வேண்டும்.

மூன்றாம் கியரில், டைனோவில் (வண்டியை உருளைமேல் ஓட்டி அளக்கும் கருவி) 4,000, 5,000, 6,000, 7,000 ஆர்பிஎம்மில் கேஜ் காட்டும் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் ரோடு காலியாகக் கிடக்கிறதே என்று ஆரல்வாய்மொழிப் பக்கம் சாலையில் இதைச் செய்ய வேண்டாம். முப்பந்தல் காற்று பக்கவாட்டில் அடிக்கும். லாரிகள் எந்த நேரமும் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி இப்படி மாற்றிய வண்டி பொதுச் சாலையில் ஓடவும் கூடாது. பந்தயத்துக்குக் கோவை கரி டிராக்குக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ போவதானாலும் டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

இனி எண்களைப் படிப்போம். டவுன்பைப்பில் 0.15 பாருக்கு மேல் காட்டினால் டவுன்பைப்பையும் சைலன்சரையும் 3 இன்ச் ஆக்குங்கள். ஹெடர் பேச்சே வேண்டாம். டவுன்பைப் சரியாக இருந்து, டர்பைனுக்கு முன்னால் 1.2 பார் வரை இருந்தால், 0.8 பூஸ்டுக்கு அது நல்ல நிலை. 1.6 பார் தொட்டால், அதாவது பூஸ்டைப்போல் இரண்டு மடங்கானால், எஞ்சின் மூச்சு முட்டுகிறது என்று பொருள். வெளியேற வேண்டிய சூட்டுப்புகை சிலிண்டரிலேயே தங்கி நாக்கிங்கையும் (கலவை தானாக வெடித்துத் தட்டுவதையும்) கூட்டும். அதற்கு மருந்து பெரிய டர்பைன் ஹவுசிங்.

ஹெடருக்கு நியாயம் கிடைப்பது ஒரே அளவில்தான்: அந்தத் தொலைவுக் குழாய் கேஜுக்கும் டர்பைன் வாய் கேஜுக்கும் உள்ள வித்தியாசம். 0.1 பாருக்குள் இருந்தால் உங்கள் லாக் மேனிஃபோல்டு குற்றவாளி அல்ல. 0.3, 0.4 என்று போனால் மாற்றலாம். சிலிண்டருக்கு ஒன்றாக வெப்ப சென்சார் வைத்துப் பார்த்து ஒரு சிலிண்டர் மட்டும் 50 டிகிரிக்கு மேல் சூடாக ஓடினாலும், லாக்கில் விரிசல் விழுந்திருந்தாலும் மாற்றலாம்.

மாற்றுவதானாலும் சம நீள ஹெடரை 0.8 பார் வண்டிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். குழாய் நீண்டால் உள்ளே கொள்ளளவு கூடும், சூடு வெளியே போகும், லான்ச்சில் (கோட்டிலிருந்து கிளம்பும்போது) பூஸ்ட் ஏறத் தாமதமாகும். 402 மீட்டர் (கால் மைல்) டிராக் ஓட்டத்தில் முதல் 20 மீட்டரில் விட்டதைக் கடைசியில் பிடிப்பது கஷ்டம். நீளக் குழாய் விரிசலும் விடும்: 300 மி.மீ 304 ஸ்டெயின்லெஸ் குழாய் 700 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 4 மி.மீ நீளும், மைல்டு ஸ்டீல் 3 மி.மீ. அந்த நீட்சிக்கு இடமில்லாவிட்டால் வெல்டிங் ஓரத்தில்தான் பிளக்கும்.

குட்டைக் குழாய்களாக, 1.25 இன்ச் ஷெட்யூல் 10 (குழாய்ச் சுவர் கனத்தின் தரம்), 304 எல் பெண்டுகளில் செய்யச் சொல்லுங்கள். வெளிவிட்டம் 42.2, சுவர் 2.77, உள்விட்டம் 36.6 மி.மீ, இந்த எஞ்சினுக்குப் போதும். ஹெட் ஃப்ளேஞ்ச் 10 – 12 மி.மீ தகடு. வேஸ்ட்கேட் குழாய் புகை ஓடும் திசையிலேயே சாய்ந்து பிரிய வேண்டும். செங்குத்தாக வைத்தால் புகை அதைத் தாண்டி டர்பைனுக்கே ஓடி, பூஸ்ட் கட்டுக்குள் நிற்காது.

ஆர்கான் வெல்டிங்கில் குழாயின் உள்ளேயும் ஆர்கான் விடுவாரா என்று வெல்டரிடம் முதலிலேயே கேளுங்கள். விடாவிட்டால் உள்பக்கம் சர்க்கரைக் கட்டி மாதிரிப் பொரிந்து, அந்தத் துணுக்குகள் உடைந்து டர்பைனைத் தின்னும். நிரப்புக் கம்பி 308 எல். ஃப்ளேஞ்சைக் கனத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கி வெல்டு செய்து, முழுக்க ஆறிய பின்தான் கழற்ற வேண்டும். பிறகு மில்லிங்கில் முகத்தைச் சமப்படுத்துங்கள், 0.1 மி.மீ ஃபீலர் தகடு எங்கும் நுழையக் கூடாது. ஓரத்து ஸ்டட் துளைகளை 1 மி.மீ பெரிதாக்கினால் ஃப்ளேஞ்ச் நீள இடம் கிடைக்கும். டர்போவின் பாரத்தை மேனிஃபோல்டில் தொங்கவிடாமல், பிளாக்கிலிருந்து நீட்சிக்கு இடம்விட்ட ஒரு தாங்கு கொடுங்கள்.

நம் குமரி மாவட்டத்துக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு பருவமழையும் இங்கே பெய்கிறது; முட்டம், குளச்சல் பக்கம் உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. ஹெடருக்கு வெப்பம் தடுக்கும் துணி ராப் சுற்றினால் அது ஈரத்தையும் உப்பையும் பிடித்துவைக்கும். மைல்டு ஸ்டீல் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். 304இலும் உப்பு தங்கிச் சூடேறினால் நுண்விரிசல் வரும். டர்போவுக்கு மட்டும் வெப்பப் போர்வை போடுங்கள், ஹெடருக்குத் தகட்டு மறைப்பு போதும். வண்டியை ஓட்டாமல் நிறுத்தப் போகிறீர்கள் என்றால், ஆறிய பிறகு நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து மூடுங்கள்.

புது மேனிஃபோல்டில் டர்போ உட்காரும் கோணம் மாறும். ஆயில் ரிட்டன் குழாய் நேர்கீழாக இறங்கி, சம்ப் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். சாய்ந்தாலோ மடங்கினாலோ டர்போ சீலைத் தாண்டி ஆயில் கசிந்து நீலப்புகை கக்கும். டர்போ போய்விட்டது என்று பலர் ஏமாறுவது இங்கேதான். பழைய மேப்பில் (எஞ்சின் கணினியின் பெட்ரோல், இக்னிஷன் அட்டவணை) முழு பூஸ்ட் ஓட்டாதீர்கள். காற்று கூடுதலாகப் போனால் கலவை லீனாகும். பூஸ்டை 0.2 பார் குறைத்து, இக்னிஷனை 2 – 3 டிகிரி பின்னிழுத்துத் தொடங்கி, பூஸ்டில் லாம்டா 0.78 – 0.80 நிற்கிறதா பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள். முதல் மூன்று சூட்டுக்கும் ஒவ்வொரு முறையும் முழுக்க ஆறவிட்டு, நட்டுகளை மறுபடி டார்க் போட்டு இறுக்குங்கள்.