மைக் முன்னால் நெடுங்காலம்: குரலை விட முக்கியமானவை

கேள்வி: சமுதாய வானொலி ஒன்றில் வாரம் ஐந்து நாள், தினமும் ஒரு மணி நேரம், நேயர்களோடு ஃபோனில் பேசும் நேரலை நிகழ்ச்சி நடத்துகிறேன். நாலு வருஷத்திலேயே குரல் கம்ம ஆரம்பித்துவிட்டது. பேசச் சரக்கும் தீர்ந்துபோகிறது. அமெரிக்க வானொலியில் முப்பது, நாற்பது வருஷம் தினமும் பேசியவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்?

பதில்: குரல்வளத்தால் என்று நினைத்தால் டயான் ரீமைப் பாருங்கள். வாஷிங்டனின் டபிள்யூஏஎம்யூ நிலையத்தில் 1979 முதல் 2016 வரை பேட்டியும் நேயர் அழைப்புமாக நிகழ்ச்சி நடத்தியவர். குரல்நாண்கள் தாமாக இறுகிப் பேச்சை அறுக்கும் ஸ்பாஸ்மோடிக் டிஸ்ஃபோனியா அவருக்கு இருப்பது 1998இல் தெரிந்தது. அவ்வப்போது குரல்நாணில், தசையைத் தளர்த்தும் போடோக்ஸ் ஊசி போட்டுக்கொண்டு, நடுங்கும் குரலோடு இன்னும் 18 வருஷம் பேசினார். அமெரிக்காவின் வலதுசாரி அரசியல் வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவுக்கு 2001இல் காது ஏறக்குறைய முழுக்கப் போனது. அழைப்பவர் சொல்வதை வேறொருவர் தட்டச்சு செய்ய, திரையில் படித்துப் பதில் சொன்னார். அந்த ஆண்டுக் கடைசியில் காக்ளியர் இம்ப்ளாண்ட் என்ற செவிக்கருவியை அறுவை சிகிச்சையில் பொருத்திக்கொண்டு, 2021இல் இறக்கும் வரை தொடர்ந்தார். (அவருடைய அரசியலும் ஏளனமும் வேறு கதை.)

இவர்களிடம் பொதுவாக இருந்தது அசையாத நேரம். லிம்பா என்றால் நண்பகல் 12 முதல் 3 வரை, ரீம் என்றால் காலை 10 முதல் 12 வரை. நேயர் வானொலியைத் தேடிப் போவதில்லை, அந்த நேரத்தில் கை தானாகப் போகிறது. வாரம் ஐந்து நாள் முடியவில்லையென்றால் மூன்று நாளாக்குங்கள். ஆனால் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

சரக்கு விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். பேச்சில் இரு தரப்புக்கும் இடம் தரச் சொன்ன விதியை அமெரிக்கா 1987இல் கைவிட்ட பிறகுதான் லிம்பா பாணி அரசியல் ஆவேசம் அங்கே பெருந்தொழிலானது. நம் சமுதாய வானொலி விதிகளில் அரசியல் நிகழ்ச்சிக்கே இடமில்லை. அதில் நஷ்டமும் இல்லை. ஆவேசத்துக்கு நாள்தோறும் புது எதிரி வேண்டும், சந்தேகங்களோ ஊரில் வற்றாது. ஒரு பதிவேடு வையுங்கள்: ஊர், கேள்வி, நீங்கள் தந்த பதில், பதில் கிடைக்காமல் போனது. அந்தக் கடைசிக் கட்டம்தான் அடுத்த வார நிகழ்ச்சி. 'ரேஷன் கார்டில் பேர் சேர்க்க எத்தனை நாள் ஆகும்?' என்று கேட்டவருக்கு நீங்கள் மழுப்பியிருந்தால், புதன்கிழமைக்கு வட்ட வழங்கல் அலுவலகத்திலிருந்து ஒருவரை அழைத்து வாருங்கள். ஒலிபரப்பானதை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பதிவிலிருந்து வாரம் ஒரு பத்து நிமிடம் கேளுங்கள். அழைத்தவரை விட நீங்கள் அதிகம் பேசியிருந்தால், குரல் கம்மியதற்குப் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும்.

அழைப்பை நேராக லைனில் எடுக்காதீர்கள். ஸ்டூடியோவுக்கு வெளியே உங்கள் ஆள் ஒருவர் அழைப்பவரோடு அரை நிமிடம் பேசட்டும்: பேர், ஊர், ஒரே வரியில் கேள்வி. 'ரேடியோவை அணைச்சிடுங்க, ஸ்பீக்கர்ல பேசாதீங்க' என்றும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் எதிரொலி வரும், ஊளைச் சத்தமும் வரும். முதலில் வந்தவரை முதலில் எடுக்க வேண்டும் என்றில்லை. கேள்வி கூர்மையாக இருப்பவரை முதலில் எடுங்கள், அடுத்து அழைப்பவர்கள் அவரைப் பார்த்தே பேசுவார்கள். பேசிக்கொண்டே போகிறவரை நிறுத்த, அவர் மூச்சு வாங்கும் இடத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், அவர் சொன்னதை ஒரு வரியில் சுருக்குங்கள், நன்றி சொல்லுங்கள், அதன் பிறகே ஃபேடரை (அவர் லைனின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நெம்பியை) இறக்குங்கள். முதலில் ஃபேடரை இறக்கினால் பாதி வார்த்தையில் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது போலக் கேட்கும். வசை வந்தால் மட்டும் இந்த வரிசை கிடையாது, உடனே இறக்குங்கள். பெரிய நிலையங்களில் பேச்சு சில விநாடி தாமதித்து ஒலிக்கும் வசதியும், வசையை வெட்ட ஒரு பொத்தானும் இருக்கும். உங்களிடம் இல்லையென்றால் சர்ச்சைக்கு இடமுள்ள தலைப்புகளை முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது.

இனி தொண்டை. பெரும்பாலும் கோளாறு கருவியில்தான் தொடங்கும். ஹெட்போனில் உங்கள் குரல் சன்னமாகக் கேட்டால், தெரியாமலே சத்தத்தைக் கூட்டுவீர்கள். ஜிங்கிள் (நிகழ்ச்சியின் அடையாள இசை) ஒலிக்கும்போதே அதன் மேல் பேசினாலும் அதேதான். மைக்கை வாயிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தூரத்தில், நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். எதிரில் உட்கார்ந்தவரிடம் பேசும் சத்தத்திலேயே பேசி, மீட்டர் உச்சம் மைனஸ் 10 முதல் மைனஸ் 6 டெசிபெல்லுக்குள் நிற்கும்படி கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றுங்கள். ஏசி காற்று முகத்தில் அடிக்கக் கூடாது.

தண்ணீர் குரல்நாணைத் தொடுவதில்லை, உடம்பு வழியாகத்தான் ஈரம் போய்ச் சேரும். அதனால் நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே குடியுங்கள். அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை 2 செ.மீ. அமிழ்த்தி, குமிழி வர 'ஊ' என்று ஐந்து நிமிடம் இழுத்தால் குரல் நோகாமல் சூடாகும். செருமாதீர்கள், ஒரு வாய் தண்ணீரை விழுங்குங்கள். கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வாகாது, தொண்டைக்கு அதுவும் சிரமம்தான். காலையில் மட்டும் குரல் கரகரத்தால் இரவுச் சாப்பாட்டைச் சந்தேகியுங்கள்: படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்தால், அமிலம் மேலேறுவது குறையும். மெந்தால் மிட்டாய் வலியைத்தான் மறைக்கும். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஸ்கோப் (தொண்டைக்குள் பார்க்கும் சிறு கேமரா) போட்டுப் பாருங்கள். அமெரிக்க வானொலிச் செய்தி வர்ணனையாளர் பால் ஹார்வி 2001இல் குரல்நாண் பாதித்துச் சில மாதம் ஒதுங்கி, சிகிச்சைக்குப் பின் திரும்பினார். 2008 வரை அவர் குரல் ஒலித்தது.

சளியும் கரகரப்பும் இருக்கும் நாளில் அடித்தொண்டையில் முக்கிப் பேசினால் குரல்நாணில் ரத்தக்கசிவு வரலாம். அன்று உங்கள் இடத்தில் உட்கார இப்போதே ஒருவரைத் தயார் செய்யுங்கள். முதல் ஒரு மாதம் அவர் அழைப்புகளை வடிகட்டும் வேலையைப் பார்க்கட்டும். நேயர்களின் பேரும் ஊரும் அவருக்கு அங்கேதான் பழகும்.