வறட்சிக்குப் பின் முதல் மழை: மலைத்தோட்டக் கேள்வி-பதில்

நீண்ட வறட்சிக்குப் பின் மழை இறங்கியதும் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை, உடனே என்ன செய்யலாம் என்பதாகவே இருக்கின்றன. சரிவு நிலத்தில் முதல் மழைக்கு முன்பே முடித்திருக்க வேண்டிய வேலைகளும், மழை பெய்த பின் சில நாட்கள் செய்யாமல் பொறுத்திருக்க வேண்டிய வேலைகளும்தாம் அதிகம் என்பதால், பின்வரும் பதில்களில் சில, கேட்டவர்களுக்குச் சற்று ஏமாற்றம் தரக்கூடும்.

மழைமானியில் 20 மி.மீ. பதிவாகியிருந்தது. மறுநாள் வெட்டிப் பார்த்தால் இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் கீழே மண் புழுதியாகவே இருக்கிறது. அவ்வளவு நீரும் எங்கே போயிற்று?

1 மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு 1 லிட்டர் நீர். அந்தக் கணக்கில் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 80,000 லிட்டர் விழுந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி சரிவில் வழிந்து ஓடைக்குப் போயிருக்கும்.

நன்கு காய்ந்த மண்கட்டிக்குள் நீர் திடீரெனப் புகும்போது, உள்ளே அகப்பட்ட காற்று வெளியேற வழியின்றிக் கட்டியை உடைத்துவிடுகிறது. உடைந்த நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்ள, மேற்பரப்பில் பொறுக்கு கட்டுகிறது. சருகு, வைக்கோல் போன்ற மூடாக்கு இல்லாத வெற்று மண்ணில் பெருந்துளிகள் நேராக அறைவதால் இது சில நிமிடங்களிலேயே நடந்துவிடும். மரங்களின் கீழும் தீப்பட்ட இடங்களிலும் வேறொரு காரணமும் உண்டு. சருகுகளிலிருந்தும் பூஞ்சை இழைகளிலிருந்தும் வரும் மெழுகுப் பொருட்கள் மண்துகள்களின் மேல் படிந்து, மண் காய்ந்திருக்கும்வரை நீரை விலக்கிக்கொண்டே இருக்கும். யூகலிப்டஸ், பைன் தோப்புகளில் இதை அடிக்கடி காணலாம்.

இரண்டில் எது என்று அறிய ஓர் எளிய சோதனை போதும். சருகை விலக்கிவிட்டு, காய்ந்த மண்ணின் மேல் ஒரு சொட்டு நீரை விடுங்கள். அது 5 விநாடிக்கு மேலும் உறிஞ்சப்படாமல் உருண்டு நின்றால் மண் நீரை விலக்குகிறது என்று பொருள். சில செ.மீ. ஆழத்திலும் இதையே செய்து பார்க்க வேண்டும். மேல்மண் நன்றாக உறிஞ்ச, அதன் கீழுள்ள படலம் மறுப்பதும் உண்டு. பொறுக்கு கட்டிய நிலத்தில், சரிவுக்குக் குறுக்கே மேலோட்டமாகக் கொத்திவிட்டு, மூடாக்கு இட்டால் அடுத்த மழையிலேயே வேறுபாடு தெரியும். நீரை விலக்கும் மண்ணுக்கு அவ்வளவு விரைவான வைத்தியம் இல்லை. மட்கிய உரத்தைத் தொடர்ந்து சேர்ப்பதும், சருகுக்குத் தீ வைக்கும் பழக்கத்தை அடியோடு விடுவதும்தான் வழி. சரிவில் ஒரே உயரத்தில் செல்லும் சமஉயரக் கோட்டில் அமைந்த கல்வரப்போ வெட்டிவேர் வரிசையோ இருந்தால், இரு வகை நிலத்திலும் வழிந்தோடும் நீர் சற்று நின்று, இறங்க நேரம் கிடைக்கும்.

மழை நின்ற மறுநாளே உழுது விதைக்கலாமா?

ஒரு கைப்பிடி மண்ணை, உழும் ஆழத்திலிருந்து எடுத்து உருண்டையாகப் பிடித்து, இடுப்பளவு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் உழவுப்பதம் வந்துவிட்டது; அப்படியே அப்பிக்கொண்டு கிடந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். ஈர மண்ணில் உழுதால் கொழுவின் அடியில் இறுகும் அடுக்கு, அடுத்த பல மழைகளையும் கீழே இறங்கவிடாது. உழவும் சாலும் சரிவுக்குக் குறுக்காகவே இருக்க வேண்டும் என்பதில் எந்த விலக்கும் இல்லை.

விதைப்பைப் பொறுத்தவரை, இரண்டு மூன்று நாட்களில் மொத்தம் 20 முதல் 25 மி.மீ. வரை பெய்து, மண் ஒரு சாண் ஆழத்துக்காவது நனைந்த பிறகே விதையை எடுங்கள். அதற்குக் குறைவான ஈரத்தில் விதை முளைத்துவிடும், ஆனால் வேர் இறங்கும் முன்பே ஈரம் தீர்ந்துவிடும். முளைக்காத விதைக்கு அடுத்த மழையில் வாய்ப்பு உண்டு. முளைத்து வாடியதற்கு அதுவும் இல்லை.

முதல் மழை ஈரத்தை வீணாக்காமல் உடனே யூரியா தூவிவிடலாம் என்று எண்ணுகிறேன். சரியா?

வேண்டாம். காய்ந்த மண் நனையும்போது, வறட்சியில் மடிந்த நுண்ணுயிர்களின் உடல்களும் அதுவரை எட்டாமல் அடைபட்டிருந்த மட்குப் பொருளும் ஒரே நேரத்தில் சிதையத் தொடங்குவதால், சில நாட்களுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) தானாகவே பெருகுகிறது. பர்ச் என்ற மண்ணியலாளர் இதை 1958-இல் விரிவாக எழுதியதால், பர்ச் விளைவு என்றே அது குறிப்பிடப்படுகிறது. முதல் மழையில் புல் திடீரெனக் கரும்பச்சையாக எழுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தச் சத்தை எடுக்கப் பயிரின் வேர் இன்னும் வராத நிலையில் மேலும் யூரியாவைப் போட்டால், ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போகும், மற்றொரு பகுதி அடுத்த கனமழையில் சரிவிறங்கி ஓடையில் சேரும். பயிர் நிலைத்து, களையெடுத்த பின், சிறிது சிறிதாகப் பிரித்து மேலுரமாக இடுவதே முறை.

வறட்சியில் வாடிய தீவனச் சோளம் மழைக்குப் பின் தளிர்த்திருக்கிறது. மாடுகளை அவிழ்த்துவிடலாமா? ஆடுகளுக்குப் புதுப்புல் நல்லதுதானே?

சோளத்தில் இப்போது மாடுகளை விடவே கூடாது. வாடிய சோளத்திலும், மழைக்குப் பின் அடிக்கட்டையிலிருந்து எழும் இளந்தளிரிலும் சயனைடை வெளியிடும் பொருள் செறிந்திருக்கும். தின்ற சிறிது நேரத்திலேயே மூச்சுத் திணறல், வாயில் நுரை, தள்ளாட்டம் தோன்றி மாடு சாயும். மாற்று மருந்து கால்நடை மருத்துவரிடம் உண்டு என்றாலும், மலைப்பாதையில் அவர் வந்து சேரும்வரை மாடு தாங்குமா என்பது ஐயமே. தளிர் முழங்காலைத் தாண்டி நன்கு வளர்ந்து, பூக்கும் பருவத்தை எட்டிய பின் அறுத்துப் போடுவதே பாதுகாப்பானது; நன்கு காயவைத்துக் கொடுத்தால் அச்சம் மேலும் குறையும்.

ஆடுகளுக்குப் புதுப்புல் நல்லதுதான், ஆனால் வெறும் வயிற்றில் அல்ல. பல வாரங்கள் காய்ந்த தீவனம் தின்ற வயிறு திடீர் மாற்றத்தைத் தாங்காது. கழிச்சலும் வயிற்று உப்புசமும் வருவதோடு, குடலில் பெருகும் நுண்ணுயிரின் நஞ்சால் வரும் துள்ளுமாரி நோயில், மந்தையிலேயே கொழுத்த குட்டிகள் முதலில் சாகின்றன. முதல் வாரத்தில் காலையில் உலர்தீவனம் கொடுத்துவிட்டு, பனி காய்ந்த பின் சிறிது நேரம் மட்டும் மேயவிடுங்கள். துள்ளுமாரித் தடுப்பூசியை மழைக்காலத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். போடாதவர்கள் இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

தொழுவத்துக்கு மேலுள்ள சரிவில் விரல் நுழையுமளவுக்கு விரிசல் விட்டிருக்கிறது. மழைநீரைச் சேமிக்க அதன் மேற்புறத்தில் குழி வெட்டும் திட்டம் இருந்தது. தொடரலாமா?

அந்தத் திட்டத்தை இன்றே நிறுத்துங்கள். களிமண் காய்வதால் வரும் வெடிப்பு வலைபோல் எல்லாத் திசைகளிலும் ஓடும், மழையில் மூடிக்கொள்ளும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. விரிசல் சரிவுக்குக் குறுக்காக வில்லைப்போல் வளைந்து, அதன் கீழ்ப்பக்க மண் சிறிதேனும் தாழ்ந்திருந்தால், சரிவே நகரத் தொடங்கியிருக்கிறது என்று கொள்ள வேண்டும். மரங்கள் சாய்தல், வேலிக்கம்பங்கள் வரிசை விலகல், கீழே புதிய இடத்தில் நீர் கசிதல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் ஆகியவையும் அதே அறிகுறிகள். இத்தகைய இடத்தில் நீரை நிறுத்தி உள்ளே இறக்கினால் மண்ணின் எடை கூடுகிறது, துளைநீரின் அழுத்தம் உயர்கிறது, துகள்களிடையே உள்ள பிடிப்பு தளர்கிறது. மழைநீர்ச் சேமிப்பை எல்லா நிலத்துக்கும் ஒரே மந்திரமாகப் பரிந்துரைப்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

விரிசலுக்கு மேற்புறமாக நீரைத் திருப்பும் வாய்க்கால் ஒன்றை, நீர் கசியாதபடி அமைத்து, உறுதியான இயற்கை ஓடையில் கொண்டுபோய் விடுங்கள். விரிசலைக் களிமண்ணால் நிரப்பிக் கெட்டித்து, தார்ப்பாய் போட்டு மூடுங்கள். இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, இடைவெளியை நாள்தோறும் அளந்து எழுதிவையுங்கள். மண்ணியல் அலுவலர்கள் பார்வையிட வரும்போது அந்தக் குறிப்பு மிகவும் உதவும். அவர்கள் வந்து பார்க்கும்வரை மாடுகள் வேறிடத்தில் இருக்கட்டும். கனமழை இரவுகளில் அந்தச் சரிவின் கீழ் எவரும் படுக்க வேண்டாம்.

எங்கள் ரொபஸ்டா காப்பிக்கு மொட்டுகளை மலரவைக்கும் பூ மழை 8 மி.மீ. மட்டுமே கிடைத்தது. அடுத்த மழைக்குக் காத்திருக்கலாமா?

முதிர்ந்த மொட்டுகள் வறட்சியில் உறங்கிக் கிடப்பவை; போதிய ஈரம் கிடைத்தால் ஏறத்தாழ 8 முதல் 10 நாட்களில் மலரும். அரைகுறை ஈரம் மொட்டை எழுப்பிவிட்டு, விரியவிடாமல் கருக்கிவிடும். ஆகவே தெளிப்புநீர் வசதி இருந்தால், ஓரிரு நாட்களுக்குள், மொத்த ஈரம் 25 மி.மீ.-க்குக் குறையாதபடி ஈடுசெய்யுங்கள். ரொபஸ்டாவுக்குப் பிற செடியின் மகரந்தம் தேவை என்பதால், மலரும் நாட்களில் தெளிப்புநீரும் பூச்சிமருந்தும் கூடாது.

மழையில் எழும் மண்வாசனை மண்வளத்தைக் காட்டுமா?

காட்டாது. வறட்சியில் செடிகள் வெளியிட்டு மண்ணிலும் பாறையிலும் படிந்த எண்ணெய்களும், ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும் சேர்ந்ததே அந்த வாசனை. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 1964-இல் அதற்குப் பெட்ரிக்கோர் எனப் பெயரிட்டனர். அந்த எண்ணெய் விதை முளைப்பதைத் தாமதப்படுத்துவதையும் அவர்கள் அடுத்த ஆண்டு காட்டினர். மண்வளத்துக்கு மண் பரிசோதனைதான்.

கூரைநீரை முதல் மழையிலேயே தொட்டியில் பிடிக்கலாமா?

முதல் 1 முதல் 2 மி.மீ. மழையை வெளியே விட்டுவிடுங்கள். 100 சதுர மீட்டர் கூரைக்கு அது 100 முதல் 200 லிட்டர். பறவை எச்சமும் தூசியும் சருகும் அதோடு போய்விடும். தொட்டியின் வாயில் கொசு நுழையாத வலை கட்டுங்கள், குடிப்பதற்கு எடுக்கும் நீரைக் கொதிக்கவையுங்கள்.