தோட்டத்தில் தேனீ போலவே ஒரு ஈ சுற்றுகிறது. கொட்டுமா? அடித்து விடலாமா?

அடிக்காதீர்கள். கையில் பிடித்தால்கூடக் கொட்டாது, கொடுக்கே கிடையாது. கடிக்கவும் செய்யாது. மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு, துளசிப் பூ மேல் அந்தரத்தில் நிற்பது, பாத்திரம் கழுவிய தண்ணீர் தேங்கும் வாழையடியில் நடமாட்டம் என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அது எரிஸ்டாலினஸ் இனத்துப் பூ ஈயாகத்தான் இருக்கும். நம் ஊரில் நீர் தேங்கும் இடமெல்லாம் உண்டு.

சந்தேகம் இருந்தால் அது பூவில் உட்காரும்போது கண்ணைப் பாருங்கள். தலை முழுக்கக் கண்தான். அதில் நன்றாகப் பழுத்த வாழைப்பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும் (சில வகைகளில் கோடு). தேனீயின் கண்ணில் இந்தப் புள்ளிகள் கிடையாது. அடுத்து இறக்கை: தேனீக்கு நான்கு, இதற்கு இரண்டே. உணர்கொம்பும் குட்டையாகத் தெரியும்.

இந்த வேஷம் பலிக்கிறதா? நன்றாகவே. அமெரிக்காவில் உயிரியல் ஆய்வாளர்களான ப்ரோவர் தம்பதி தேரைகளை வைத்துச் செய்த சோதனை 1962இல் வெளிவந்தது. தேனீயிடம் கொட்டு வாங்கிய தேரைகள், இதன் உறவுக்கார ஈயைக் கண்டும் தயங்கின. தேனீயையே அறியாத தேரைகள் அதே ஈயைப் பிடித்து விழுங்கின. மனிதர்களும் ஏமாந்திருக்கிறார்கள். செத்த மாட்டின் உடலிலிருந்து தேனீ பிறக்கும் என்ற பழைய ரோமானிய நம்பிக்கைக்குக் காரணம் அழுகலில் வளரும் இந்தக் குடும்பத்து ஈதான் என்று 1894இல் ஈக்களை ஆராய்ந்த ஓஸ்டன் சாக்கன் எழுதினார். எனக்கு அந்த விளக்கம் பொருத்தமாகவே படுகிறது.

பூவில் தேன் குடிக்கும், மகரந்தமும் தின்னும். தேனீ மாதிரி காலில் உருட்டிக் கொண்டுபோகாது. உடம்பு மயிரில் ஒட்டியது அடுத்த பூவுக்குப் போகும், அவ்வளவுதான். மாம்பூவுக்கு வருபவற்றில் ஈக்களின் பங்கு பெரிது, அதனால் மாமரம் வைத்திருப்பவர்கள் இதை விரட்டவே கூடாது. செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது வேறு வகைப் பூ ஈயின் புழு செய்யும் வேலை.

இதன் புழு சாக்கடைக்காரன். வாழைக்குழியிலோ சாணித் தண்ணீரிலோ வெளிறிய, வால் முளைத்த புழு நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வால்தான் மூச்சுக்குழாய். தண்ணீர் ஆழமானால் உடம்பைப் போலப் பல மடங்கு நீட்டி, நுனியை மேலே வைத்துக்கொண்டு, அடியில் அழுகியதைத் தின்னும். கூட்டுப்புழு ஆகும் நேரத்தில் தண்ணீரை விட்டு ஏறிக் காய்ந்த மண்ணுக்குப் போய்விடும்.

அருவருப்பில் பிளீச்சிங் பவுடரோ மண்ணெண்ணெயோ கொட்ட வேண்டாம். ஆனால் அதே அழுக்குத் தண்ணீரில் க்யூலெக்ஸ் கொசுவும் முட்டையிடும். ஆகவே வீட்டை ஒட்டிய குழி என்றால் தண்ணீர் தேங்காமல் வழி வெட்டிவிடுங்கள், கொல்லைக் கோடியில் இருக்கும் எருக்குழியை அப்படியே விடுங்கள்.